மின்சாரம் வந்த பிறகும் போர்டு எழவில்லை: வாட்ச்டாக் தொடங்குவதற்கு முன்பே தொங்கினால் என்ன செய்வது?

வாடைக்காற்று

தேவிபட்டினத்துக்கு வடக்கே ஓர் இறால் பண்ணையில் நான் செய்துகொடுத்த கன்ட்ரோலர் ஓடுகிறது. நாலு குளம், குளத்துக்கு நாலு ஏரேட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை சென்சார் அளக்கும். அளவு இறங்கினால் போர்டு ஏரேட்டரைப் போடும், முதலாளியின் போனுக்குச் செய்தியும் போகும். சிப் எஸ்டிஎம்32 எஃப்103. இரண்டு பருவமாக ஒரு குறையும் இல்லை.

இந்த மாசியில் மட்டும் மூன்று தடவை ஒரே மாதிரி நடந்துவிட்டது. விடியற்காலை மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் கரண்ட் போகிறது. ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்கிறது. போர்டின் பவர் லைட் எரிகிறது, ஆனால் போர்டு செத்துக் கிடக்கிறது. ரிலே இல்லை, மோடம் இல்லை, எதுவும் இல்லை. மூன்றாவது தடவை, இரவில் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்தபோது இறால் ஓரத்தில் ஒதுங்கி மேலே வந்து நின்றதாம். ஓடிப்போய் மேனுவல் சுவிட்சைப் போட்டிருக்கிறார். அவர் தூங்கியிருந்தால் 48 நாள் வளர்த்த இறால் போயிருக்கும். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

நான் எட்டு மணிக்குப் போய் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் உடனே ஓடுகிறது. வீட்டில் மேசை மேல் வைத்து 200 தடவைக்கு மேல் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தொங்கவில்லை.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான்: சிப்புக்குள் இருக்கும் வாட்ச்டாக்கை, அதாவது தொங்கிய சிப்பைத் தானே ரீசெட் செய்யும் காவல் டைமரை, போட்டிருக்கிறேன். 4 விநாடிக்குள் மெயின் லூப் அதைத் தட்டாவிட்டால் ரீசெட் ஆகவேண்டும். அது வேலை செய்வதைச் சோதித்தும் பார்த்திருக்கிறேன். பிறகு எப்படி நாலு மணி நேரம் சும்மா கிடக்கும்?

மண்டபம் பணிமனை

தம்பி, முதலில் சப்ளையைப் பார். கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் அந்த ஒரு நிமிடத்தில் உன் கெபாசிட்டர் முழுதாக இறங்கிவிடுகிறதா, பாதியில் நிற்கிறதா? 3.3 வோல்ட் லைன் ஒரு வோல்டில் நின்றுவிட்டுத் திரும்ப ஏறினால் சில சிப்புக்குப் பைத்தியம் பிடிக்கும். படகுகளில் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ் எல்லாவற்றிலும் இதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி இறங்கும், அதிலேயே பாதிப் பழுது வரும்.

அப்புறம் அந்த ஜிஎஸ்எம் மோடம். டவருக்குச் சிக்னல் அனுப்பும்போது கண நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தனி ரெகுலேட்டர் இருக்கிறதா?

வாடைக்காற்று

அண்ணே, மோடத்துக்குத் தனி ரெகுலேட்டர், பக்கத்தில் பெரிய கெபாசிட்டரும் உண்டு. 3.3 வோல்ட் லைனை ஆசிலோஸ்கோப்பில் பிடித்தேன். 20 விநாடியில் சுத்தமாகப் பூஜ்யத்துக்கு வருகிறது, ஏறும்போது நேராக ஏறுகிறது. மேசையில் வேண்டுமென்றே பாதியில் நிறுத்தியும் ஏற்றிப் பார்த்தேன், எழுந்துவிட்டது.

தங்கச்சிமடம் பொறியாளர்

வாட்ச்டாக்கை எந்த இடத்தில் தொடங்குகிறீர்கள்? மெயின் ஃபங்ஷனில் முதல் வரியிலிருந்து அதைத் தொடங்கும் வரி வரை என்னென்ன நடக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். கோடு (நிரல்) வேண்டாம், வரிசை போதும்.

வாடைக்காற்று

அக்கா, எஸ்டிஎம் கியூப் மென்பொருள் உருவாக்கிக் கொடுத்த வரிசையை அப்படியே வைத்திருக்கிறேன். முதலில் ஹால் (சிப்பின் அடிப்படை நூலகம்) தொடக்கம், அடுத்து கிளாக் அமைப்பு, பிறகு பின்கள், ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்குவது), யுஆர்ட் (தொடர் தகவல் வழி) இரண்டு, எஸ்டி கார்டு, கடைசியில் வாட்ச்டாக். அதன் பிறகு மெயின் லூப்.

தங்கச்சிமடம் பொறியாளர்

நினைத்தது சரிதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதே தவறை நானும் செய்திருக்கிறேன், எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் வாட்ச்டாக் நீங்கள் தொடங்கிய பிறகுதான் காவலுக்கு வருகிறது. கரண்ட் வந்த கணத்திலிருந்து அந்த வரி வரைக்கும் போர்டுக்குக் காவலே கிடையாது. மேசை மேல் அந்த இடைவெளி ஒரு நொடிகூட இருக்காது, அதனால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஒரு போர்டு தொங்குவதற்குத் தோதான இடமே அதுதான். கிளாக் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் ஓடத் தொடங்க வேண்டும், அந்தத் துடிப்பைப் பெருக்கும் பிஎல்எல் பூட்டிக்கொள்ள வேண்டும், எஸ்டி கார்டு பதில் சொல்ல வேண்டும், சென்சார் எழுந்திருக்க வேண்டும். இத்தனை பேருக்காகச் சிப் காத்து நிற்கும் நேரம் அது.

கியூப் தரும் கோடில் இன்னொன்றும் உண்டு. வெளிக் கிரிஸ்டல் 100 மில்லி விநாடிக்குள் ஓடத் தொடங்காவிட்டால் கிளாக் அமைப்பு தோல்வி என்று திரும்பும். உடனே எரர் ஹேண்ட்லர் கூப்பிடப்படும். அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள்: இன்டரப்டை அணைத்துவிட்டு முடிவில்லாத லூப். நாம் நிரப்ப வேண்டிய இடம் என்று காலியாக விட்டிருக்கிறார்கள், நாமும் காலியாகவே விட்டுவிடுகிறோம். வாட்ச்டாக் இன்னும் தொடங்கவில்லை. கரண்டை வெட்டும் வரை அதில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

உங்களுடையது கிளாக்கிலா, எஸ்டி கார்டிலா, வேறெங்குமா என்று ஊகிக்க வேண்டாம், போர்டே சொல்லட்டும். இந்தச் சிப்பில் பேக்கப் ரெஜிஸ்டர்கள் உண்டு. விபாட் என்ற பேட்டரிப் பின்னில் ஒரு பட்டன் செல் இருந்தால் கரண்ட் போனாலும் அதில் எழுதியது நிற்கும். ரீசெட் ஆனதும் சிப் உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி கிளாக்கில்தான் ஓடும், வெளிக் கிரிஸ்டல் அப்போது தேவையில்லை. எனவே மெயினின் முதல் வரியிலேயே பேக்கப் ரெஜிஸ்டரில் 1 என்று எழுதுங்கள். கிளாக் அமைப்புக்கு முன் 2, பின்களுக்கு முன் 3, இப்படியே போங்கள். மெயின் லூப் வந்தால் 99. அடுத்த முறை நன்றாக எழும்போது, பழைய எண் 99 இல்லையென்றால் அதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். மேலெழுதுவதற்கு முன் பழைய எண்ணைப் படித்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

வாலிநோக்கம் உப்பளம்

இதற்கு நேர் எதிரான அனுபவம் என்னுடையது. இந்த இழையைப் படிப்பவர் எவரும் வாட்ச்டாக்கைச் சீக்கிரம் தொடங்கினால் போதும் என்று போய்விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வாலிநோக்கம் பக்கம் ஒரு சின்ன உப்பளத்துக்குக் கடல்நீர் ஏற்றும் மோட்டாருக்கு ஏடிமெகா 328பி வைத்த பழைய ஆர்டுயினோ போர்டில் கன்ட்ரோலர் செய்தேன். வாட்ச்டாக் 2 விநாடி. ஒருநாள் சென்சார் ஒயர் பிடுங்கிக்கொண்டு கோடு தொங்கியது, வாட்ச்டாக் ரீசெட் செய்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் போர்டு மறுபடி மறுபடி ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. எல்இடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கரண்டை முழுதாக எடுத்தால்தான் நின்றது.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. ஏடிமெகா சேர்ந்த ஏவிஆர் வகைச் சிப்பில் வாட்ச்டாக் ரீசெட் ஆன பிறகும் வாட்ச்டாக் அணைவதில்லை. அது ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் ஆகக் குறைந்த நேரத்துக்கு, சுமார் 16 மில்லி விநாடிக்கு, மாறிவிடும். அந்தப் போர்டில் இருந்த பழைய பூட்லோடருக்கு (என் கோடுக்கு முன் ஓடும் சின்ன நிரல்) இது தெரியாது. புது கோடு ஏதாவது வருகிறதா என்று ஒரு நொடி போலக் காத்திருக்கும். 16 மில்லி விநாடியில் ரீசெட். மறுபடி காத்திருக்கும், மறுபடி ரீசெட். என் கோடின் முதல் வரிக்கே வந்து சேரவில்லை, அதில் நான் என்ன எழுதினால் என்ன?

ஆப்டிபூட் என்கிற பூட்லோடரை ஏற்றியதும் தீர்ந்தது. பூட்லோடர் இல்லாமல் நேராக எழுதுபவர்கள், வாட்ச்டாக் ரீசெட் கொடியை (வாட்ச்டாக்கால் ரீசெட் ஆனதைக் குறிக்கும் பிட்) முதலில் அழித்துவிட்டு அதற்குப் பிறகுதான் வாட்ச்டாக்கை அணைக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். கொடி நிற்கும் வரை அது அணையாது. இதை மெயினுக்கும் முன்னால், தொடக்கக் கோடிலேயே செய்வது நல்லது.

தங்கச்சிமடம் பொறியாளர்

மிகவும் தேவையான பதிவு, நன்றி அண்ணா. எஸ்டிஎம்மில் அந்தச் சிக்கல் வேறு மாதிரி. மென்பொருள் தொடங்கிய வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு அணைந்துவிடும், திரும்ப நாம் தொடங்கவேண்டும். ஆக ஏவிஆரில் ஆபத்து விடாமல் ஓடுவதில் இருக்கிறது, எஸ்டிஎம்மில் ஓடாமல் இருப்பதில். ஒரு சிப்பில் கற்றதை அடுத்த சிப்புக்குத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. டேட்டாஷீட்டில் ரீசெட் பற்றிய பகுதியை முதலில் படிப்பது என் வழக்கமாகிவிட்டது.

வாடைக்காற்று

பதினோரு நாள் கழித்து வருகிறேன். இன்று காலை செய்தி வந்தது. கரண்ட் போனது 4.10க்கு. பெரியவர் மேனுவலில் போட்டுவிட்டார். எட்டரைக்கு நான் போய் ஆஃப் ஆன் செய்ததும் போனில் வந்த எண்: 2.

கிளாக் அமைப்புதான். கிரிஸ்டல் ஓடவில்லை. அக்கா சொன்னது அப்படியே.

ஆனால் ஏன் விடியற்காலையில் மட்டும்? ஏன் என் வீட்டில் வரவில்லை? அதே போர்டு, அதே கிரிஸ்டல்.

மண்டபம் பணிமனை

தம்பி, இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. இது நம் ஊர்ப் பழுது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். உன் பெட்டியையும் துளைத்திருக்கிறது. நீ பெட்டியை எங்கே மாட்டியிருக்கிறாய்? குளத்துக் கரையில் கம்பத்தில் என்றால், ஏரேட்டர் அடிக்கும் உவர்நீர்த் திவலை இரவெல்லாம் காற்றில் மிதக்கிறது. பெட்டியின் கேபிள் வாசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் உப்பு படியும். பகலில் காய்ந்து கிடக்கும், ஒன்றும் செய்யாது. விடியற்காலை ஈரம் ஏறியதும் அந்த உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு நனைந்த படலம், அதில் மின்சாரம் கசியும்.

மற்ற பின்களுக்கு அந்தக் கசிவு பெரிதில்லை. கிரிஸ்டல் பின் அப்படி இல்லை. அதற்குள் இருக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் உன் சிப்பில் சுமார் 200 கிலோ ஓம். அதன் பக்கத்தில் 20, 30 கிலோ ஓம் அளவுக்கு ஓர் ஈரப்பாதை தரைக்கு விழுந்தால் போதும், ஆசிலேட்டர் ஓடத் தொடங்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். நிறுத்தித் திரும்ப எழுப்புவதுதான் கஷ்டம். அதனால்தான் கரண்ட் போகாத இரவுகளில் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டு மணிக்கு வெயில் பெட்டியில் அடித்துப் படலம் காய்ந்துவிடும், நீ போய் ஆன் செய்ததும் எழுந்துவிடும். உன் வீட்டு மேசையில் உப்பும் கிடையாது, பனியும் கிடையாது.

மண்டபத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடல் அரிப்புக்கென்றே ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. இரும்பையும் பூச்சையும் வெளியில் வைத்து எத்தனை நாளில் என்ன ஆகிறது என்று பார்க்கும் இடம். நம் காற்றின் குணத்தை அதிலிருந்தே தெரிந்துகொள்.

நிரூபிக்க வேண்டுமா? கிரிஸ்டலின் உள்ளீட்டுப் பின்னிலிருந்து தரைக்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து கரண்ட் கொடு. உன் மேசையிலேயே தொங்கும். ஸ்கோப் புரோப்பை நேராகக் கிரிஸ்டல் பின்னில் வைக்காதே, அதன் சுமையே ஆசிலேட்டரை நிறுத்திவிடும், தப்பான முடிவுக்கு வருவாய்.

சரி செய்யும் வழி: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டு நன்றாகக் கழுவு, ஃபிளக்ஸ் ஒட்டே இருக்கக் கூடாது. காயவை. ஹேர் ட்ரையர் போதும். அதன் பிறகு கான்ஃபார்மல் கோட்டிங் (ஈரத்தைத் தடுக்கும் மெல்லிய பூச்சு) அடி, கிரிஸ்டலையும் அதன் இரண்டு கெபாசிட்டரையும் சேர்த்து. கழுவாமல் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கேபிளைப் பெட்டியின் மேலிருந்து விடாதே, கீழிருந்து விடு, வாசலுக்கு முன் ஒரு வளைவு தொங்கட்டும்.

வாடைக்காற்று

அண்ணே, 22 கிலோ ஓம் வைத்தேன். தொங்கிவிட்டது! முதல் தடவையாக வீட்டில் அதே பழுதைக் கண்ணால் பார்த்தேன். எடுத்தால் எழுகிறது, வைத்தால் தொங்குகிறது. போர்டைத் திறந்து லென்ஸில் பார்த்தால் கிரிஸ்டல் காலடியில் வெள்ளையாகப் பொடி.

அப்படியானால் கழுவிக் கோட்டிங் அடித்துவிட்டால் முடிந்ததா? வாட்ச்டாக் பக்கம் ஒன்றும் செய்யவேண்டாமா?

தங்கச்சிமடம் பொறியாளர்

செய்யவேண்டும், கட்டாயம். கோட்டிங் ஒரு நாள் விரியும். அப்போதும் போர்டு எழவேண்டும்.

இந்தச் சிப்பின் ஆப்ஷன் பைட்டில் (கரண்ட் போனாலும் நிற்கும் அமைப்பு) ஒரு பிட் இருக்கிறது. அதை மாற்றினால் வாட்ச்டாக் வன்பொருள் முறைக்கு வந்துவிடும். கரண்ட் வந்து ரீசெட் விடுபட்டதும், உங்கள் கோடின் ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே, அதுவாகவே எண்ணத் தொடங்கிவிடும். அதன் கிளாக் உள்ளேயே இருக்கும் தனி ஆர்சி. கிரிஸ்டல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. எந்தக் கோடாலும் அதை நிறுத்த முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். தொடக்கத்தில் அது வைத்திருக்கும் அமைப்பில் 40 கிலோஹெர்ட்ஸ் கணக்குக்கு 409.6 மில்லி விநாடி வரும். ஆனால் அந்த ஆர்சி துல்லியமானது இல்லை, 30லிருந்து 60 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கும் இருக்கலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. 60 என்றால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 273 மில்லி விநாடிதான். அந்த 273க்குள் முதல் தட்டு விழுந்தாக வேண்டும். எனவே மெயினின் முதல் வேலையாக அதன் நேரத்தை நீட்டிவிடுங்கள். உச்சபட்சமாக 40 கிலோஹெர்ட்ஸில் 26 விநாடி வரை போகலாம், உங்களுக்கு 8 விநாடி போதும். சொந்த பூட்லோடர் வைத்து முழு ஃபிளாஷுக்கும் சிஆர்சி (பிழைச் சரிபார்ப்பு) பார்க்கிறீர்கள் என்றால் அந்த லூப்பிலும் தட்டவேண்டும். இல்லையென்றால் உப்பளத்து அண்ணாவின் கதை உங்களுக்கும் வரும்.

அடுத்தது இன்னும் முக்கியம். ரீசெட் செய்தால் மட்டும் என்ன ஆகும்? ஈரம் அங்கேயேதான் இருக்கிறது. கிரிஸ்டல் மறுபடி ஓடாது. மறுபடி ரீசெட். விடியும் வரை இதேதான் நடக்கும். தொங்கிக் கிடப்பதற்கும் இதற்கும் இறாலுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எனவே எரர் ஹேண்ட்லரை நிரப்புங்கள். கிரிஸ்டல் வரவில்லையென்றால் உள் ஆர்சியிலேயே பிஎல்எல் வைத்து 64 மெகாஹெர்ட்ஸில் ஓடட்டும். யுஎஸ்பி கிடைக்காது, உங்களுக்கு அது வேண்டியதில்லை. யுஆர்ட்டுக்கு அந்தத் துல்லியம் பொதுவாகப் போதும், மோடத்தோடு சோதித்துக்கொள்ளுங்கள். கிளாக் செக்யூரிட்டி என்று ஒன்றும் இருக்கிறது, அதையும் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கிரிஸ்டல் நின்றாலும் சிப் தானாக உள் கிளாக்குக்கு மாறிவிடும்.

ரீசெட் எண்ணிக்கையையும் பேக்கப் ரெஜிஸ்டரில் வையுங்கள். 99க்கு வராமல் மூன்று தடவை தொடர்ந்து ரீசெட் ஆனால், எஸ்டி கார்டையும் மோடத்தையும் தொடாமல் ஏரேட்டரை மட்டும் ஓட்டும் ஒரு சின்ன முறைக்குப் போகட்டும். காரணத்தைப் பதிவு செய்யாத ரீசெட்டால் நமக்கு ஒன்றும் தெரியவராது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் தொடர்ந்து ரீசெட் ஆனபோது, பூமியில் வைத்திருந்த அதே மாதிரி கருவியில் நடந்ததைத் திரும்ப வரவழைத்துத்தான் பிரயாரிட்டி இன்வெர்ஷன் (முக்கியமான வேலை முக்கியமில்லாத வேலைக்காகக் காத்து நிற்பது) என்று கண்டுபிடித்தார்கள். நீங்கள் 22 கிலோ ஓம் வைத்துச் செய்ததும் அதே வேலைதான்.

நாலு குளம்

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. உப்பூர் பக்கம் இறால் போடுகிறவன். ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போர்டு செத்தால் ஏரேட்டர் ஏன் நிற்கவேண்டும்? ராத்திரி முழுக்கப் பாசியும் இறாலும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும், விடியும் முன்தான் ஆகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தாங்காது. அந்த நேரத்தில் ஏரேட்டர் வீணாக ஓடினால் எனக்குக் கரண்ட் பில் கொஞ்சம் கூடும். நின்றால் குளமே போய்விடும். போர்டு செத்தால் தானாக ஓடுகிற மாதிரி ஒயரிங் செய்ய முடியாதா?

மண்டபம் பணிமனை

இந்த இழையிலேயே ஆகச் சரியான கேள்வி இது. ரயில் சிக்னலில் ஒயர் அறுந்தாலும் சிவப்புதான் விழும், பச்சை விழாது. பாம்பன் பாலத்தில் காற்று அளவு மீறினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும் ஏற்பாடு இருந்ததும் அதே நினைப்பில்தான். பழுதானால் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

தம்பி, ரிலேயின் என்ஓ முனையில் (காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது திறந்திருப்பது) கொடுத்திருக்கும் ஒயரை என்சி முனைக்கு (அப்போது மூடியிருப்பது) மாற்று. ரிலே காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் ஏரேட்டர் நிற்கட்டும், கொடுக்காவிட்டால் ஓடட்டும். கோடில் ஒரு தலைகீழ் மாற்றம், அவ்வளவுதான்.

வாடைக்காற்று

அண்ணே, அப்படிச் செய்தால் ஜெனரேட்டர் வந்ததும் பதினாறு மோட்டாரும் ஒரே நேரத்தில் எழும். ஸ்டார்ட்டிங் கரண்ட் ஆறு மடங்கு. ஜெனரேட்டர் ட்ரிப் ஆகிவிடும். அதற்குப் பயந்துதான் என்ஓவில் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கோடில் போட்டேன்.

மண்டபம் பணிமனை

ஒவ்வொரு காண்டாக்டருக்கும் (மோட்டாரைப் போடும் பெரிய சுவிட்ச்) முன்னால் ஓர் ஆன்-டிலே டைமர் ரிலே. முதல் குளத்துக்கு 5 விநாடி, அடுத்ததற்கு 15, இப்படி. போர்டு உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். ஒரு குளத்தின் நாலு மோட்டாரும் சேர்ந்தாலே ஜெனரேட்டர் தாங்காது என்றால் இரண்டு இரண்டாகப் பிரி.

தங்கச்சிமடம் பொறியாளர்

டைமர் ரிலே இன்னொரு விதத்திலும் காப்பாற்றும். வாட்ச்டாக் ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் சிப்பின் பின்கள் மிதக்கும் நிலைக்குப் போய்விடும். ரிலேயை ஓட்டும் ட்ரான்சிஸ்டருக்கு, மிதக்கும் பின்னைப் பூஜ்யத்தில் பிடித்துவைக்கும் புல்-டவுன் ரெசிஸ்டர் இல்லையென்றால், ஒவ்வொரு ரீசெட்டிலும் ரிலே துடிக்கும். டைமர் நடுவில் இல்லாமல் அரை நொடிக்கு ஒருமுறை காண்டாக்டர் அடித்துக்கொண்டால் ஒரே இரவில் முனை கருகிவிடும். புல்-டவுன் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மிதக்கும் பின்னைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. வெளி வாட்ச்டாக் சிப் வைப்பவர்கள் உண்டு. டிபிஎஸ் 3823 மாதிரிச் சிப்புகளில் தட்டும் பின் எதிலும் இணையாமல் மிதந்தால் வாட்ச்டாக் அணைந்தே இருக்கும், டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. பூட் ஆகும் நேரத்தில் தொந்தரவு வராது என்று அதைப் பலர் வசதியாக நினைக்கிறார்கள். ஆனால் சிப் அந்தப் பின்னை அவுட்புட்டாக மாற்றுவதற்கு முன்பே தொங்கினால் வெளி வாட்ச்டாக்கும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். தனியாகக் காசு கொடுத்து வாங்கி வைத்த காவல், வேண்டிய நேரத்தில் இல்லை.

கீழக்கரை நிரல்

ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினியிலும் இதே இடைவெளி இருக்கிறதா அக்கா? தோணித்துறையில் கேமரா வைத்து ஒரு பை ஓடுகிறது. லினக்ஸில் மற்ற நிரல்களை எழுப்பும் சிஸ்டம்டியில் வாட்ச்டாக் போட்டிருக்கிறேன். இருந்தும் சில நாள் கரண்ட் வந்த பிறகு எழுவதில்லை.

தங்கச்சிமடம் பொறியாளர்

இருக்கிறது தம்பி. சிஸ்டம்டி எழுந்த பிறகுதான் அது தட்டத் தொடங்கும். லினக்ஸின் மையமான கர்னல் ஏறும்போதோ எஸ்டி கார்டைப் படிக்கும்போதோ தொங்கினால் உங்கள் அமைப்பு உதவாது. பழைய பைகளின் வாட்ச்டாக் அதிகபட்சம் 15 விநாடி சொச்சம்தான், அதையும் மனதில் வையுங்கள்.

யு-பூட் என்கிற பூட்லோடர் வைத்து ஓடும் போர்டு என்றால் யு-பூட்டிலேயே வாட்ச்டாக்கைத் தொடங்கிவிடலாம். கர்னல் எழுந்ததும், யூசர் ஸ்பேஸ் (நம் நிரல்கள் ஓடும் பகுதி) வாட்ச்டாக்கைத் திறக்கும் வரை கர்னலே அதைத் தட்டிக்கொண்டிருக்கும்படி ஓர் அமைப்பு உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. கர்னல் தட்டிக்கொண்டே இருக்கும், யூசர் ஸ்பேஸ் எழவே எழாது, யாருக்கும் தெரியாது. இத்தனை விநாடிக்குள் யூசர் ஸ்பேஸ் திறக்காவிட்டால் தட்டுவதை நிறுத்து என்று கர்னலுக்கு ஓர் அளவுரு கொடுக்கலாம். அதைக் கொடுங்கள். யு-பூட்டில் பூட் எண்ணிக்கையும் உண்டு. வரம்பைத் தாண்டினால் மாற்றுக் கட்டளைக்குப் போகும், நல்ல பழைய இமேஜை அதில் வைக்கலாம்.

உங்கள் பைக்கு முதலில் எஸ்டி கார்டை மாற்றிப் பாருங்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

வாடைக்காற்று

மூன்று வாரம் ஆகிவிட்டது. செய்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு ஆகும்.

போர்டைக் கழுவி, காயவைத்து, இரண்டு கை கோட்டிங். வன்பொருள் வாட்ச்டாக் போட்டாயிற்று. முதல் நாள் அதில் ஒரு மணி நேரம் திண்டாடினேன். டீபக்கர் (கோடை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவி) மாட்டி நிறுத்தினால் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. டீபக் நிறுத்தத்தில் வாட்ச்டாக்கையும் நிறுத்தும் பிட்டைப் போட்டதும் சரியானது. ஆனால் அந்த பிட்டோடு சோதித்த எதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. கடைசிச் சோதனை எல்லாமே டீபக்கரைக் கழற்றிவிட்டு வெறும் கரண்டில்தான்.

22 கிலோ ஓமை வைத்தபடியே கரண்ட் கொடுத்தேன். உள் கிளாக்கில் எழுந்து, "கிரிஸ்டல் இல்லை" என்று போனுக்குச் செய்தி அனுப்பியது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை. எஸ்டி கார்டைக் கழற்றியும், மோடம் ஒயரைப் பிடுங்கியும், வேண்டுமென்றே ஒவ்வொரு நிலையிலும் முடிவில்லா லூப் வைத்தும் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூன்று ரீசெட்டுக்குப் பிறகு ஏரேட்டர் முறைக்குப் போய்விட்டது.

பண்ணையில் என்சி ஒயரிங்கும் டைமர் ரிலேயும் மாட்டியாயிற்று. போர்டையே பெட்டியிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன். குளம் குளமாக ஏரேட்டர் எழுந்தது. பெரியவர் என் கையில் போர்டைப் பார்த்துவிட்டு, "அப்ப இது எதுக்குத் தம்பி?" என்று கேட்டார். ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்ல, வேண்டாதபோது நிறுத்த என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு மூன்று தடவை விடியற்காலையில் கரண்ட் போயிருக்கிறது. மூன்றிலும் எழுந்துவிட்டது. ஒரு தடவை "கிரிஸ்டல் இல்லை" என்ற செய்தியோடு எழுந்திருக்கிறது. அதாவது கோட்டிங்கையும் மீறி எங்கோ ஈரம் போகிறது.

மண்டபம் பணிமனை

அந்த ஒரு செய்தி வந்ததே, அது நல்லது. இல்லையென்றால் உனக்குத் தெரிந்திருக்காது. ஈரம் பெரும்பாலும் கிரிஸ்டலின் அடியில் இருக்கும். மேலே கோட்டிங் அடித்தாலும் கேனுக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பிரஷ் போகாது. கிரிஸ்டலைக் கழற்றி, அடியைக் கழுவி, புதிது வைத்துத்தான் அடிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவிபட்டினம் பக்கம் ஒரு படகு வேலைக்கு வருகிறேன். ஹாட் ஏர் மெஷினும் கொண்டுவருகிறேன். உன்னிடம் இருக்கும் மற்ற போர்டுகளையும் எடுத்து வை, சேர்த்தே முடித்துவிடலாம்.